பதிவேட்டில் ஏறாத மன்னிப்பு: ஓர் உளவுப் படமும் அடியார் உரிமையும்

பால் கிரீன்கிராஸ் இயக்கி 2004 ஜூலையில் வெளிவந்த 'தி போர்ன் சுப்ரிமசி', 2002இல் டக் லிமன் இயக்கிய 'தி போர்ன் ஐடென்டிட்டி'யின் தொடர்ச்சி. தொடர்ச்சிப் படங்கள் பெரும்பாலும் முதல் படம் ஈட்டிய பெயரைச் செலவழித்துத் தீர்ப்பவை. இதுவோ முதல் படத்தை விஞ்சிய வசூலைப் பெற்றதோடு, பின்வந்த உளவுப் படங்கள் பலவற்றின் நடையையும் மாற்றிவிட்டது. துரத்தலும் கைகலப்பும் மலிந்த ஒரு ஹாலிவுட் படத்துக்கு இவ்விதழில் என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். படம் நம்மை இட்டுச்செல்லும் இடம் பழிவாங்கல் அன்று. தான் கொன்றவர்களின் மகளைத் தேடிச் சென்று ஒருவன் அளிக்கும் வாக்குமூலம் அது. பாவமீட்சி குறித்து விரிவான சிந்தனை மரபொன்றைக் கொண்ட சமூகத்தார் அக்காட்சியை வாளா கடந்துசெல்வது இயலாது.

கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஜேசன் போர்ன் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ உருவாக்கிய கொலையாள், நினைவிழந்தவன். காதலி மாரியுடன் கோவாவின் கடற்கரையில் ஒளிந்து வாழ்கிறான். துண்டுதுண்டாகத் திரும்பும் நினைவுகளைக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைக்கிறான். பெர்லினில் நிகழ்ந்த ஒரு கொலையின் பழி அவன்மீது சுமத்தப்படுகிறது. அவனைக் கொல்ல வந்த ரஷ்யனின் தோட்டாவுக்கு மாரி பலியாகிறாள். அவர்களின் வண்டி பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்கிறது. அதன்பின் நேப்பிள்ஸ், மூனிக், பெர்லின், மாஸ்கோ என அவன் பயணம் நீள்கிறது. ராபர்ட் லட்லம் 1986இல் வெளியிட்ட நாவலின் பெயரையும் பாத்திரங்கள் சிலரையும் மட்டுமே படம் எடுத்துக்கொண்டது. ஹாங்காங்கைக் களமாகக் கொண்ட அந்நாவலின் கதை முற்றிலும் வேறு.

இப்படத்தைப் புகழ்ந்தோர் யாவரும் அதன் யதார்த்தத்தையே முதலில் குறிப்பிட்டனர். அது எத்தகைய யதார்த்தம் என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். 2002இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'டை அனதர் டே'யில் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கார் ஒன்று வந்தது. போர்னிடம் அத்தகைய கருவி எதுவும் இல்லை. நாட்டுப்படம் ஒன்றும் தொலைபேசியும் அவனுக்குப் போதும். தன்னைத் தேடும் அதிகாரி எவ்விடுதியில் தங்கியிருக்கிறார் என்பதை அறிய, பெர்லின் விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசுகிறான். மூனிக்கில் தன்னைப் போன்றே பயிற்சி பெற்ற ஒருவனுடன் மோதும்போது சுருட்டிய வார இதழ் ஒன்றே அவனுக்கு ஆயுதம். அம்மோதல் அழகற்றது, மூச்சிரைப்பும் மரச்சாமான்கள் உடையும் ஓசையுமே அதில் மேலோங்கி நிற்கின்றன. எதிரி இறந்தபின் போர்னின் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. பட்ட அடி அடுத்த காட்சியில் மறைந்துபோவதும் இல்லை. அவன் நொண்டி நடக்கிறான். மாஸ்கோவில் தோளில் குண்டேறிய பின் ஒரு கையால் வண்டி ஓட்டுகிறான்.

தோளில் தாங்கிய ஒளிப்பதிவுக் கருவியின் ஓயாத நடுக்கம் பலருக்குத் தலைசுற்றலைத் தந்ததென்பதும் உண்மையே. சில இடங்களில் யார் யாரை அடிக்கிறார் என்பதே விளங்குவதில்லை. இதனைக் கலையென்று நியாயப்படுத்த நாம் முன்வரோம். எனினும் அந்நடை இயக்குநருக்குத் திடீரென வாய்த்ததன்று. கிரீன்கிராஸ் பிரிட்டனின் கிரானடா தொலைக்காட்சியில் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' என்னும் புலனாய்வு நிகழ்ச்சியில் பணியாற்றியவர். பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி பீட்டர் ரைட்டுடன் இணைந்து அவர் எழுதிய 'ஸ்பைகேட்சர்' நூல் 1987இல் வெளிவந்தபோது, தாட்சர் அரசு அதனைத் தடைசெய்ய நீதிமன்றங்கள்தோறும் அலைந்தது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் இராணுவத்தினர் ஊர்வலத்தினர் மீது சுட்டு 13 பேரைக் கொன்ற நிகழ்ச்சியை, 2002இல் 'ப்ளடி சண்டே' என்னும் படமாக அவர் ஆக்கினார். அரசு கொன்றவர்களின் உறவினர் உண்மைக்காகக் காத்திருக்கும் நெடுங்காலம் அவருக்கு அறிமுகமானது. அந்த அறிமுகத்தையும் உடன்கொண்டே அவர் இவ்வணிகப் படத்துக்குள் நுழைந்தார் எனக் கொள்வதில் தவறில்லை.

நம் சமூகத்தார் இப்படத்தை வேறொரு காரணத்தாலும் கவனித்திருக்கக்கூடும். 'ட்ரூ லைஸ்' (1994), 'எக்ஸிகியூட்டிவ் டிசிஷன்' (1996), 'தி சீஜ்' (1998) எனத் தொடர்ந்த வரிசையில் முஸ்லிம் என்றால் வெடிகுண்டு என்பது எழுதப்படாத விதியாயிற்று. இதனைத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு ஜாக் ஷாஹீன் 2001இல் நூலாகவே நிறுவினார். இராக் போர் நடந்துகொண்டிருந்த 2004இல் வெளிவந்த ஓர் உளவுப் படத்தில் முஸ்லிம் வில்லன் இல்லை. குற்றவாளி சிஐஏவின் உயர் அதிகாரி வார்ட் அபட் என்பது சிறு ஆறுதல். ஆனால் நாம் இல்லாதிருப்பதே நமக்குச் செய்யப்பட்ட நீதி என்று எண்ணி அமைதிகொள்வது எளிய மனநிறைவாகும்.

மாஸ்கோக் காட்சிக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன் பெர்லின் விடுதியொன்றில் நெஸ்கி என்னும் ரஷ்ய அரசியல்வாதியையும் அவர் மனைவியையும் போர்ன் கொன்றான். அதுவே அவனது முதற் பணி. மனைவியே கணவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டதாகத் தடயங்களை அமைத்துவிட்டு வெளியேறினான். தாய் கொலைகாரி என்று நம்பியே மகள் ஐரீனா வளர்ந்தாள். குண்டடி பட்ட உடலுடன் அவளது வீட்டை அடைந்து, உன் தாய் உன் தந்தையைக் கொல்லவில்லை, கொன்றவன் நானே என்று சொல்லி வருத்தம் தெரிவிக்கிறான் போர்ன். குரல் உயர்வதில்லை. துப்பாக்கி வேகத்தில் ஓடிவந்த படம் இங்கே ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

இமாம் நவவி 'ரியாளுஸ் ஸாலிஹீ'னில் தவ்பாவின் நிபந்தனைகளைக் கூறுமிடத்து, பாவம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டதாயின் அதனைக் கைவிடல், வருந்துதல், மீளாதிருக்க உறுதிபூணல் ஆகிய மூன்றும் போதும் என்கிறார். மனிதர் ஒருவரின் உரிமை அதில் சம்பந்தப்படின் நான்காவதொன்றும் வேண்டும்: அவ்வுரிமையை உரியவரிடம் சேர்ப்பித்தல். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வின் தவ்பா நூலில் இதனை மேலும் கூர்மையாக்குகிறார். மதுவருந்தியவனும் விபச்சாரம் செய்தவனும் தம் பாவத்தை இறைவனிட்ட திரையால் மறைத்துக்கொள்ளல் வேண்டும். அதனை வெளியே சொல்லத் தேவையில்லை. ஆனால் வேண்டுமென்றே கொலை செய்து அறியப்படாதிருப்பவனுக்கு அம்மறைப்பு ஆகாது. அவன் இறந்தவரின் வாரிசிடம் சென்று தன்னை இன்னானென்று வெளிப்படுத்தித் தன் உயிரின் மீதான தீர்ப்பை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். மன்னிப்பதும் தண்டம் கோருவதும் வாரிசின் உரிமை.

இக்கருத்தை அறிந்த ஒருவர் அக்காட்சியைப் பார்க்கையில் வியப்படையாதிருக்க முடியாது. மறதியும் இங்குக் கவனத்துக்குரியது. மறதியால் நேர்ந்தவற்றின் பாவம் நீக்கப்படலாம், ஆயினும் பிறர் உரிமைக்கான பொறுப்பு நீங்காது என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் பொது நிலை. போர்னோ கொலையை மறந்து செய்தவனல்லன், செய்த பின் மறந்தவன். அவனுக்கு அச்சலுகைகூட இல்லை. நினைவில்லை என்பதை அவன் கேடயமாக்கவும் இல்லை. நினைவு திரும்பத் திரும்பக் கடன் வளர்கிறது. அவன் மீட்டளிப்பதும் வெறும் வருத்தமன்று. கொலைகாரி என்னும் பழியிலிருந்து ஒரு தாயின் மானத்தை மீட்டு மகளிடம் ஒப்படைக்கிறான். அரங்கை விட்டு வெளியேறும் பார்வையாளரிடம் ஏதோ ஒன்று தங்கிவிடுகிறதெனில், அது மாஸ்கோத் தெருக்களின் வாகனத் துரத்தலைவிட இந்தச் சில நிமிடங்களால்தான் என்பது நம் கணிப்பு.

ஆனால் கஸ்ஸாலியின் அளவுகோலை எடுத்த பின் பாதியில் கீழே வைத்துவிடலாகாது. போர்ன் தன்னை வெளிப்படுத்துகிறான், தீர்ப்பை ஒப்படைப்பதில்லை. சொல்லிவிட்டு எழுந்து பனிக்குள் சென்றுவிடுகிறான். ஐரீனாவுக்குப் பேச இடமே இல்லை. மன்னிப்பது அவள் உரிமை என்பது திரைக்கதைக்குத் தோன்றவில்லை. அவனுடைய மனச்சுமை இறங்குவதைக் காட்டவே அவள் அங்கு நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

இதனினும் பெரிய குறை, படம் எந்தக் கொலைக்கு மன்னிப்புக் கோருகிறது என்பதில் உள்ளது. நெஸ்கியின் கொலை நிறுவனம் பணித்ததன்று. இரண்டு கோடி டாலர் களவை மறைக்க அபட் என்னும் அதிகாரியும் அவருடைய கூட்டாளிகளும் போர்னைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியதன் விளைவு. அவ்வாறாயின், போர்னின் நிறுவனம் முறைப்படி ஆணையிட்ட கொலைகள் குறித்து? அவற்றின் வாரிசுகள் எவர் வீட்டிலும் அவன் கதவைத் தட்டுவதில்லை. ஒரு கெட்ட அதிகாரி தன்னைச் சுட்டுக்கொண்டு மடிகிறார், நேர்மையான அதிகாரி பமீலா லாண்டி எஞ்சுகிறார், அமைப்பு தூய்மையடைகிறது. இறுதியில் நியூயார்க்கில் போர்னுடன் தொலைபேசியில் பேசும் லாண்டி, அவனிடம் தாம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். அது அதிகாரபூர்வமானதா என்று அவன் வினவ, இல்லை, பதிவில் ஏறாதது என்று விடை வருகிறது. படத்தின் மிக யதார்த்தமான உரையாடல் இதுவே. பார்வையாளர் அங்கே புன்னகைக்கின்றனர். அவ்விடத்தில் புன்னகை எழுவதே நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

நம் வரலாற்றில் இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்வு உண்டு. மக்கா வெற்றிக்குப் பின் ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில் காலித் பின் வலீத் (ரலி) பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் கூறத் தெரியாது வேறு சொல்லால் கூற, அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டதைப் புகாரி பதிவு செய்கிறது. விஷயம் அத்துடன் நின்றிருந்தால் அதுவும் ஒரு கைகழுவலாகவே எஞ்சியிருக்கும். இப்னு இஸ்ஹாக் வழிவரும் சீரா நூலின்படி, அலீ (ரலி) பொருளுடன் அனுப்பப்பட்டு, சிந்திய இரத்தத்துக்கும் அழிந்த உடைமைக்கும், நாய் நீரருந்தும் பாத்திரம் வரையிலும், ஈடு வழங்கினார். எஞ்சிய பொருளையும் கணக்கில் வராத இழப்புக்கென்று அவர்களிடமே விட்டுவந்தார். தளபதி பதவியிலிருந்து அகற்றப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறிஞர்கள் அதற்குப் புரிதற்பிழை என்னும் காரணத்தைக் கூறியுள்ளனர். எனினும் தலைமை தன் பெயரில், யாவரும் அறிய, கொல்லப்பட்டோரின் வாசலுக்கே ஆளனுப்பி ஈடு செய்தது.

படம் திரைக்கு வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2004 ஏப்ரல் இறுதியில், அபூ குரைப் சிறைப் படங்கள் உலகெங்கும் ஒளிபரப்பாயின. அதே காலத்தில் லெபனானிய வழித்தோன்றலான ஜெர்மானியக் குடிமகன் காலித் அல்மஸ்ரி, பெயர் ஒற்றுமையால் நேர்ந்த தவறின் பேரில், ஆப்கானிஸ்தானில் சிஐஏவின் இரகசியச் சிறையொன்றில் கிடந்தார். 2003இன் கடைசி நாளில் மாசிடோனிய எல்லையில் பிடிக்கப்பட்டு, 23 நாட்கள் ஸ்கோப்யே நகர விடுதியொன்றில் அடைக்கப்பட்டு, பின் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டவர் அவர். தவறு உணரப்பட்ட பின் 2004 மே மாத இறுதியில் அல்பேனியச் சாலையொன்றில் இறக்கிவிடப்பட்டார். அவரை இறக்கிவிட்டவர் எவரும் தம் பெயரைச் சொல்லவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007 அக்டோபரில் அவர் வழக்கை விசாரிக்க மறுத்தது. இரகசியம் காத்தல் என்பதே அரசுத் தரப்பின் வாதம். 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மாசிடோனியாவைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து 60,000 யூரோ இழப்பீடு விதித்தது. அந்நாட்டு அரசு எழுத்தில் மன்னிப்புக் கேட்டது 2018இல்.

திரையில் கொலையாளிக்கு உள்ள மனச்சான்று ஐரோப்பிய முகங்களோடு நின்றுவிடுவதையும் இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் வரும் கோவா வண்ணமயமானது. சந்தையும் கடலும் நெரிசலும் உண்டு. ஆனால் அங்கு வாழ்வோரில் ஒருவர்கூட நம் நினைவில் தங்கும்படி படைக்கப்படவில்லை. நாடு ஒளிந்துகொள்ள உதவும் ஓர் இடம், அவ்வளவே.

2007இல் வந்த மூன்றாம் படமான 'தி போர்ன் அல்டிமேட'த்தையும் கிரீன்கிராஸே இயக்கினார். அதில் சில கதவுகள் திறக்கின்றன. கொலைத் திட்டம் ஓர் அதிகாரியின் பேராசை அன்று, நிறுவனத்தின் கொள்கை என்பதும், போர்ன் வலியுறுத்தலுக்கு உள்ளானாலும் தானே முன்வந்து அதில் சேர்ந்தவன் என்பதும் அங்கு வெளியாகின்றன. ஆகவே அரசியல் தெளிவில் மூன்றாம் படமே மேம்பட்டது. ஆயினும் இரண்டாம் படத்தையே நாம் மீண்டும் பார்க்க விரும்புகிறோம். மூன்றாவதில் ஆவணங்கள் வெளியாகின்றன, விசாரணை தொடங்குகிறது. கொல்லப்பட்டவரின் மகள் எவளும் அதில் இல்லை. இரண்டாம் படத்தில் ஐரீனா இருக்கிறாள். போர்ன் சென்ற பின்னும் தன் சிறு வீட்டில் அவள் அமர்ந்திருக்கிறாள். அவள் வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதைத் திரைக்கதை கேட்கவில்லை, நாம் கேட்கலாம்.