எத்தனை அடி தள்ளி நிற்பது?

புகைப்படம் பழகுகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும்: ஜூமைக் கழற்றி வை, உனக்குப் பிடித்த, ஜூம் ஆகாத ஒரே ஒரு பிரைம் லென்ஸை மாட்டு, அதோடு மட்டும் சுற்று. பெரும்பாலும் அது 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸாக இருக்கும். விலையும் எடையும் குறைவு, படம் தெளிவு. இந்த அறிவுரையில் பாதி பொன்னானது, மீதி யோசிக்காமல் ஒப்பிக்கப்படுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் திருப்பதியைப் போல் தோதான ஊர் இல்லை.

மே மாதத்தில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை நடக்கும்போது போய்ப் பாருங்கள். நாளுக்கு ஒரு வேஷம். பைராகி வேஷத்துக்கு உடம்பெல்லாம் நாமக்கட்டி, பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி. ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். கடைசி நாள், பொழுது விடிவதற்குள் கோயில் முன் களிமண்ணில் அம்மனின் விஸ்வரூபம் எழும்புகிறது; பிறகு அந்த உருவம் கலைக்கப்பட, மண்ணுக்காகக் கூட்டம் முண்டியடிக்கிறது. அங்கே இருப்பது சீரியல் பல்பும் டியூப்லைட்டும்தான். கேமராவோடு வரும் கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு இழுத்தால் துளை எஃப்5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப்1.8 அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. 1/15 நொடியில் கலங்கிப்போகும் முகம் 1/125-இல் நிலைத்து நிற்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பிரைம் லென்ஸ் வாங்கலாம்.

ஆனால் அந்த வெளிச்சத்துக்கு விலை உண்டு. கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், கூர்மையாக விழுவது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழம் மட்டும். கண் தெளியும், கையை முன்னே நீட்டிப் பிடித்த வேப்பங்கொத்து மங்கும், பின்னால் இருக்கும் தெரு முழுவதும் வண்ணப் புகையாகிவிடும். பின்னணியை மங்கவைக்கும் இந்த 'போக்கே' மோகத்தால் ஜாத்திரைப் படங்கள் பல ஊரே இல்லாத முகங்களாக நிற்கின்றன. அந்த வேஷத்துக்கு அர்த்தம் தருவதே தெருவும் அதில் நிற்கும் வீட்டாரும் என்னும்போது, தெருவை அழித்துவிட்டு எதைக் காட்டுகிறோம்?

50 மி.மீ. மனிதக் கண்ணைப் போலப் பார்க்கும் என்பார்கள். ஃபுல் ஃப்ரேமுக்காவது அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிராப் சென்சாரில் அதுவே 75 அல்லது 80 மி.மீ. லென்ஸின் கோணத்தைத்தான் தரும். ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் சற்று இடம் விட்டு, நெடுக்காக எடுக்க நாலே கால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஜாத்திரைத் தெருவில் அந்த நாலே கால் மீட்டருக்குள் மூன்று வரிசைத் தலைகள் புகுந்துவிடும். 24 மி.மீ. என்றால் இரண்டு மீட்டர் போதும்.

சரி, நடந்து சரிசெய்துகொள் என்பதுதான் ஒற்றை லென்ஸ் பள்ளியின் அடுத்த வாக்கு. திருப்பதியை அடுத்த சந்திரகிரி ராஜமஹால் முன்னால் அது செல்லும். எதிரே திறந்த வெளி. முன்னே பின்னே நகர்ந்து மூன்று மாடியையும் வேண்டிய அளவில் கட்டத்துக்குள் கொண்டுவரலாம். ஆனால் நடப்பதும் ஜூம் செய்வதும் ஒன்றாகாது. ஜூம் கட்டத்தை மட்டும் குறுக்குகிறது. கால் நகர்ந்தாலோ முன்னால் நிற்பவருக்கும் பின்னால் உள்ள கோட்டைக்கும் உள்ள உறவே மாறிவிடும். பறவைகள் கூடும் நேலபட்டு ஏரியிலோ நடக்கவே வழியில்லை: நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒன்றரை மீட்டர் கூழைக்கடா, 50 மி.மீ. லென்ஸில் சென்சார் மேல் முக்கால் மில்லிமீட்டராக விழும். ஒற்றை லென்ஸுக்குச் சாட்சியாகப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோனை அழைப்பவர்கள் உண்டு. 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த அவருக்கு 50 மி.மீ.தான் உற்ற துணை. ஆனாலும் நிலக்காட்சிக்கு 90 மி.மீ. மாட்டியிருக்கிறார்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. திருமலைக்கு ஏறும் அலிபிரி படிக்கட்டில் வேண்டுதலுக்காக ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறும் பெண்களைப் பார்க்கலாம். குறுகிய பிரைமோடு போகிறவர் அப்படி ஏறும் பெண்ணுக்கு இரண்டு எட்டு தூரத்தில் நின்றாக வேண்டும். கிட்டப் போ என்பதைத் துணிச்சல் பாடமாகவே நமக்குக் கற்றுத்தருகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அது இடைஞ்சல் என்பதை யாரும் சொல்வதில்லை. நீள ஜூமில் தூரத்திலிருந்து எடுத்தால் இடைஞ்சல் இல்லை, ஆனால் அவருக்குத் தெரியாமலே எடுக்கிறோம். இரண்டில் நான் கிட்ட நிற்பதன் பக்கம்தான். கேமரா அவர் கண்ணில் படுகிறது. வேண்டாம் என்று கையசைக்க அவருக்கு வழி இருக்கிறது. ஒற்றை லென்ஸ் பழக்கத்தின் ஆகப் பெரிய நன்மையாக நான் நினைப்பது, படமெடுப்பவரை மறுப்புக்கு எட்டும் தூரத்தில் அது நிறுத்தி வைப்பதையே. குனிந்த தலை நிமிர்ந்து கண் சந்திக்கும்வரை பொறுப்பது எடுப்பவரின் கடமை.

ஆகவே இந்த ஊர்களுக்கு என் தேர்வு கிராப் சென்சாரில் 24 மி.மீ., ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. தாமலசெருவு மண்டியில் தோத்தாபுரி மாங்காய்க் குவியலும் அதை லாரிக்கு ஏற்றுபவரும் ஒரே கட்டத்தில் அமைவது இதில்தான். முகத்தை மட்டும் பிரித்தெடுக்கும் அழகு போய்விடும், போகட்டும். வேறொருவருக்கு வேறு எண் பொருந்தலாம். வாங்குவதற்கு முன், நீங்கள் அழிக்காமல் வைத்திருக்கும் பழைய படங்கள் எந்த மி.மீ.யில் எடுத்தவை என்று பாருங்கள். ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் அது பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 20-ஐ ஒட்டி இருந்தால், 50 மி.மீ. உங்களுக்கு வீண் தண்டனை. பிறகு கிட் லென்ஸை அதிகப் படங்களுக்கு அமைந்த எண்ணில் நிறுத்தி, ஜூம் வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு திருவிழா முழுக்க எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் குறையத்தான் செய்யும். ஆனால் டேப்பைப் பிய்க்க எத்தனை முறை கை போனது, எந்த இடத்தில் போனது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகலாம்.