கலாய்க்கிற படம், கார்ட்டூன் படம்: எப்படி ரசிப்பது?

"சிரிக்கிற படத்துக்கெல்லாம் எதுக்குப்பா ரசனை?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் யாராவது அப்படிக் கேட்டால், "திரௌபதை அம்மன் கோயில் கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்ததே இல்லையா?" என்று திருப்பிக் கேட்டுவிடலாம். திரைக்குப் பின்னால் துரியோதன மகாராஜா நிற்பார். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை எல்லாம் கட்டிக்கொண்டு, முகவீணை முழங்கத் தன் வம்சப் பெருமையைப் பாடுவார். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், உனக்கு ரேஷன் கார்டு இருக்கா?" என்கிற பாணியில் விசாரணை வைப்பான். கூட்டம் குலுங்கும். அதே துரியோதனன் படுகளத்தில் விழும்போது அதே கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கேலி செய்ததால் பாரதத்தின் மதிப்பு அங்கே இம்மியும் குறைவதில்லை.

கலாய்க்கிற படத்தை ரசிக்க இந்தப் பழக்கம்தான் முக்கால்வாசி முதல். மீதிக் கால்வாசியையும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நாம் பாதியில் கண்ணயர்ந்துவிடும் கார்ட்டூன் படங்களையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் விமர்சகன் இல்லை. பாண்டிக்கோ கடலூருக்கோ பஸ் பிடித்துப் போய் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற ஆள். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

கட்டியங்காரன் எதைக் கிண்டலடிக்கிறான் என்று கூத்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார்கள். சி.எஸ். அமுதன் இயக்கி 2010 ஜனவரியில் வந்த 'தமிழ்ப் படம்' நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். படம் சினிமாபட்டி என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் உயிரோடு விடமாட்டார்கள். பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994) பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று உடனே புரியும். பார்க்காதவர்களுக்கு, 'இதுல சிரிக்க என்ன இருக்கு, கொடுமையா இல்ல இருக்கு' என்று தோன்றும். அந்தக் காட்சியில் சிசுக்கொலை கேலிப்பொருள் இல்லை. பிறக்கிற பையன் ஒவ்வொருவனும் சென்னைக்கு ரயிலேறி ஹீரோவாகியே தீருவான் என்கிற நம் சினிமா விதிதான் கேலிப்பொருள். அதே படத்தில் ஹீரோவின் இளவட்டக் கூட்டாளிகளாக வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர் வருகிறார்கள். பாத்திரங்களின் பெயர்கள் பரத், சித்தார்த், நகுல். 'பாய்ஸ்' (2003) படத்துப் பையன்கள் யார் யார் என்று நினைவிருப்பவர் ஒரு முறை சிரிப்பார். முப்பது வயது தாண்டிய நடிகர்கள் நோட்டுப் புத்தகத்தோடு காலேஜுக்குப் போன காலத்தைப் பார்த்தவர் இன்னொரு முறை சிரிப்பார்.

ஆகவே இந்த வகைப் படத்துக்குப் போகும்முன் ஒரு சின்ன வீட்டுப்பாடம் உண்டு. கேலி செய்யப்படும் படங்களில் ஒன்றிரண்டையாவது மறுபடி பார்த்துவிடுங்கள், அதுவும் பிடித்துப் பாருங்கள். மூலப் படத்தை வெறுக்கிறவனுக்குக் கலாய்ப்பு ருசிக்காது. ஒரே பாட்டில் ஹீரோ கோடீஸ்வரன் ஆவதைப் பார்த்து ஒரு காலத்தில் நாமும் விசிலடித்திருக்கிறோம். 'தமிழ்ப் படம்' அதைச் செய்து காட்டும்போது நாம் நம் பழைய விசிலைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

அடுத்து, நடிகரின் முகத்தைக் கவனியுங்கள். இந்த வகையின் பாடப்புத்தகம் என்று சொல்லத்தக்க அமெரிக்கப் படம் 'ஏர்ப்ளேன்!' (1980). 1957-ல் வந்த 'ஜீரோ அவர்!' என்ற முழு சீரியஸான விமானப் படத்தின் உரிமையை முறைப்படி வாங்கி, அதன் கதையையே வைத்துக்கொண்டு எடுத்தார்கள். அதில் டாக்டராக வந்த லெஸ்லி நீல்சன் அதுவரை கனமான வேடங்களில் நடித்தவர். எவ்வளவு அபத்தமான வசனத்தையும் மரண அறிவிப்பு வாசிப்பதுபோலச் சொல்வார். நடிகருக்குத் தான் காமெடி செய்வது தெரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. 'தமிழ்ப் படம்' ஹீரோ மிர்ச்சி சிவாவின் பலமும் இதுதான். நடனம் வராது, சண்டை வராது, முகத்தில் பெரிதாக எதுவும் அசையாது. ஆனாலும் உலகத்தைக் காக்கப் பிறந்தவர்போலவே நிற்பார். கூத்தில் ராஜா சிரிக்கமாட்டார், கட்டியங்காரன் சிரிக்கவைப்பான். அந்த இரண்டு வேலையையும் சிவா ஒரே முகத்தில் பார்க்கிறார். அடுத்த முறை பார்க்கும்போது நண்பர்களையும் வில்லனையும் விட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேலி சீக்கிரம் அலுக்கும். விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா' இன்றும் பார்க்கத் தாங்குகிறது என்றால், அதன் அளவும் ஒரு காரணம். ஒரு படத்தை எடுத்து, அதன் முதுகெலும்பை மட்டும் உருவி, அலுப்பதற்குள் முடித்துவிடுவார்கள். சந்தானம் அங்கிருந்து வந்தவர். சுவாமிநாதன், மனோகர் ஆகியோரின் பேச்சு மெட்டு இன்னும் ஊரில் புழங்குகிறது. 'தமிழ்ப்படம் 2' (2018) எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை. அந்த வருடத்துப் போஸ்டர், அந்த மாதத்து டிரெய்லர், அந்த வாரத்து மீம் என்று துரத்திக்கொண்டே போகிறது. பத்து வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு காட்சிக்கும் அடிக்குறிப்பு போடவேண்டி வரும்.

'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) அந்தச் சிக்கலைத் தாண்டிவிட்ட படம். சிம்புதேவன் விகடனில் கார்ட்டூன் போட்டவர் என்பது படம் முழுக்கத் தெரியும். இரட்டைப் பிறவி, பிரிந்து வளர்ந்த இளவரசர்கள், சூழ்ச்சி செய்யும் மாமன் என்று எல்லாம் ராஜா ராணிப் படச் சரக்கு. 'உத்தமபுத்திரன்' (1958) பார்த்த பாட்டிக்கு ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பழைய முகம் நினைவுக்கு வரும். காலேஜ் படிக்கிற பேத்தி, அரசர் குளிர்பான விளம்பரத்துக்கு ஆடும் இடத்தில் சிரிப்பாள். ஐந்து வயதுப் பேரனுக்கு வடிவேலு மீசையே போதும். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று இடத்தில் சிரித்தால் அது நல்ல கலாய்ப்புப் படம். என்னிடம் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான், இதுவரை பொய்க்கவில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சின்ன வசதிக்குறைவு: படத்தில் மன்னர் கைகட்டி நிற்பது ஆங்கிலேயன் முன்னால். நாம் அதைப் பிரெஞ்சுக்காரன் என்று மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வில்லியனூர்த் தேர் வடத்தைப் பிரெஞ்சு கவர்னர் பிடித்து இழுத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் காலம்வரை தொடர்கிற ஊர் நம்முடையது.

சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) அந்த அளவுக்கு எல்லோரையும் எட்டவில்லை. அது கலாய்ப்பது கௌபாய் படங்களை. எழுபதுகளில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா', 'ஜக்கம்மா' படங்கள் இப்போது யாருக்கு நினைவிருக்கின்றன? அந்த இரண்டில் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் படம் வேறு மாதிரி இருக்கும்.

கலாய்ப்பும் கார்ட்டூனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். 23ம் புலிகேசியை ஓவியமாக வரையும் காட்சி நினைவிருக்கிறதா? ஒட்டிய உடம்புக்காரருக்குக் கட்டுமஸ்தான மார்பு வரைந்து, மேலே அவர் தலையை வைப்பார்கள். உண்மையை ஒரு பக்கம் இழுத்து நீட்டுவது கார்ட்டூனின் அடிப்படை. தேவதைக் கதைகளைக் கலாய்த்த 'ஷ்ரெக்' (2001) முழுநீள அனிமேஷன் படத்துக்கென்று ஆஸ்கர் ஆரம்பித்தபோது முதல் பரிசை வாங்கியது. 'குங்ஃபூ பாண்டா' (2008) சீனச் சண்டைப் படங்களைக் கேலி செய்துகொண்டே அவற்றுக்குக் கும்பிடும் போடுகிறது.

கார்ட்டூன் படத்தில் முதலில் பார்க்கவேண்டியது கனம். ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அந்த உருவத்துக்கு உடம்பே கிடையாது. ஆனாலும் அது உட்கார்ந்தால் பாரம் தெரிய வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். இதற்கு நம் ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. ஆங் லீ இயக்கிய 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தின் கோயில் விழாக் காட்சி வில்லியனூரில் எடுக்கப்பட்டது. கோயிலைப் பார்த்துவிட்டு நாம் நிறுத்திவிடுகிறோம். கப்பல் கவிழ்ந்த பிறகு வரும் புலியைப் பாருங்கள். சில காட்சிகளில் மட்டும்தான் அது நிஜப் புலி. பெரும்பாலான நேரம் கணினியில் உருவாக்கியது. நாள் ஆக ஆக அதன் வயிறு ஒட்டுகிறது, தோளெலும்பு துருத்துகிறது, நனைந்த ரோமம் கற்றை கற்றையாகப் படிகிறது. பசியை வரைந்திருக்கிறார்கள். படம் வாங்கிய நான்கு ஆஸ்கர்களில் ஒன்று இந்த வேலைக்கு. புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் விருது மேடைக்குச் சில நாள் முன்புதான் திவால் மனு போட்டிருந்தது. சினிமா உலகின் நியாயம் அப்படி.

இந்தக் கண்ணோடு 'கோச்சடையான்' (2014) பார்த்தால், அது ஏன் நம்மைத் தொடவில்லை என்பது புரியும். நடிகரின் உடம்பில் உணர்விகள் பொருத்தி அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் முறையில் எடுத்த படம். அசைவு வந்தது, கண்ணில் உயிர் வரவில்லை. ரஜினியின் முகத்தில் எந்தத் தசை எப்போது துடிக்கும் என்று தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மனப்பாடம். ஒரு நூல் பிசகினாலும் தெரிந்துவிடும். பாண்டாவுக்கும் சிங்கத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை, அவற்றின் நிஜ முகபாவம் யாருக்குத் தெரியும்? 2009-ல் காலமான நாகேஷை அந்தப் படத்தில் கணினி வழியே திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு ரஜினியைவிட அவர்தான் அதில் உயிரோடு தெரிந்தார். அவர் உடம்பே பாதிக் கார்ட்டூன் என்பதால் இருக்கலாம்.

2025-ல் வந்த அனிமேஷன் படம் 'மகாவதார் நரசிம்மா' வேறு கதை. இரணியன் நாடகம் தெரிந்த ஊர் நம்முடையது. பாகூருக்குப் பக்கத்தில் சிங்கிரிகுடியில் 16 கைகளோடு இரணியனை வதம் செய்யும் நரசிம்மரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, திரையில் தூண் பிளக்கும்போது ஏற்கெனவே ஒரு உருவம் மனதில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு அது ஏதாவது சொல்லும். அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பல நேரம் நம் கருத்தைவிட நன்றாக இருக்கும்.

காது என்றதும் டப்பிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்ட்டூனைத் தமிழில் பார்ப்பது ஏதோ குறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த தலைமுறையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். 2019-ல் வந்த 'தி லயன் கிங்' படத்தில் சிங்கங்கள் நிஜச் சிங்கம்போலவே இருந்தன, அதனால் முகத்தில் பாவமே இல்லை. தமிழில் அந்தக் குறையைக் குரல் அடைத்தது. ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. பின்னிருவர் வரும்போது ஆப்பிரிக்கக் காடு திண்ணைப் பேச்சுக்கு இறங்கிவந்தது. முகத்துக்கு 1994-ன் கையால் வரைந்த பதிப்பையும், குரலுக்கு இந்தத் தமிழ்ப் பதிப்பையும் பாருங்கள் என்பது என் சிபாரிசு.

பிள்ளைகளோடு பார்க்கும்போது "இதுல என்ன நீதி?" என்று மட்டும் கேட்காதீர்கள். 'அப்' (2009) படத்தின் தொடக்கத்தில் ஒரு தம்பதியின் மொத்த வாழ்க்கையும் வசனமே இல்லாமல் சில நிமிடங்களில் ஓடி முடிகிறது. அங்கே பேச்சுக் கொடுப்பவரைத் தாராளமாக முறைக்கலாம். ஜப்பானின் ஹயாவோ மியாசாகி எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) வயல் சூழ்ந்த கிராமத்தில் நடக்கிறது. வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. ஆஸ்பத்திரியில் அம்மா, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மழையில் குடையோடு அப்பாவின் பஸ்ஸுக்குக் காத்திருப்பது அந்தப் படத்தின் பெரிய காட்சி. டவுன் பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்று பழகிய பாகூர்ப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரி அரசு திரைப்பட விழா நடத்தி, சிறந்த தமிழ்ப் படத்துக்கு இந்த மண்ணில் காலமான சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுத்து வருகிறது. சுவாமிகளின் நாடக மேடையில் பபூனுக்கு எப்போதும் இடம் இருந்தது. இந்த விழாவில் ஒரு மாலையைக் கலாய்க்கிற படத்துக்கும் ஒரு காலையைக் கார்ட்டூனுக்கும் ஒதுக்கி, நகரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல், வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு பள்ளி மைதானத்தில் திரை கட்டிக் காட்டலாம். சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்க வேண்டும்.