குரலுக்கு வரைந்த உருவம்

1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று லூசிடானியா பயணிகள் கப்பலை அயர்லாந்துக் கடலோரம் மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியைப் படம்பிடித்தவர் யாருமில்லை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் வின்சர் மெக்கே அதை வரைந்தே எடுத்தார். 25,000 சித்திரங்கள் வரை தேவைப்பட்ட அந்தப் படம் 1918இல் வெளிவந்தபோது ஓடியது 12 நிமிடம். காமிரா இல்லாத இடத்தில் பென்சில் ஆவணமாகலாம் என்று காட்டியவர் அவர். ஆனால் அதில் கப்பல் மூழ்குகிறதே தவிர, தப்பிப் பிழைத்த எவரும் பேசுவதில்லை. ஊமைப்படக் காலம் என்பது ஒரு காரணம். ஜெர்மனிமேல் ஆத்திரத்தைக் கிளப்பப் பிழைத்தவர் பேசத் தேவையில்லை என்பது இன்னொன்று.

போருக்குப் போய்வந்தவர்களின் சொந்தக் குரல் அனிமேஷனுக்குள் வர நெடுங்காலம் பிடித்தது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2003இல் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையோடு தொடங்கியது ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு. நெருக்கமான இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேசுவார்கள். பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். படைவீரர்களுக்கென்று 2012இல் தனித்திட்டமும் வந்தது. இந்தப் பதிவுகளில் சில குறும்படங்களாயின. அவற்றில் ஒன்றில், காட்டில் தான் சுட்ட ஜெர்மானிய இளைஞனைப் பற்றி இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட முதியவர் பேசுகிறார். சித்திரம் மிக எளிமையானது. அதுதான் சரி, அங்கே வித்தை காட்டியிருந்தால் கிழவரின் பேச்சு காதில் விழுந்திருக்காது.

இதற்கு நேர்மாறு, 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி லிபரேட்டர்’. சிசிலியிலிருந்து டாஹாவ் வதைமுகாம் வரை படைநடத்திச் சென்ற ஃபீலிக்ஸ் ஸ்பார்க்ஸ் நிஜ மனிதர்தான். ஆனால் பேசுவது நடிகர். நடிப்பைப் படம்பிடித்து அதற்குமேல் சித்திரச் சாயல் ஏற்றியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது சாயம் மாற்றிய வழக்கமான போர்ப்படம்.

‘லாஸ்ட் டே ஆஃப் ஃப்ரீடம்’ (2015) படத்தில் வீரன் பேசுவதே இல்லை. வியட்நாமில் கே சான் முற்றுகையில் சிக்கிய மேனி பாபிட், மனம் சிதைந்து ஊர் திரும்பி, 1980இல் சேக்ரமெண்டோவில் ஒரு மூதாட்டியின் சாவுக்குக் காரணமானார். சந்தேகப்பட்டுக் காவல்துறையிடம் போய்ச் சொன்னவர் அவருடைய அண்ணன் பில். தம்பிக்குச் சிகிச்சை கிடைக்கும் என்று நம்பிப் போனவர். 1998இல், மரண தண்டனைக் கைதியாக இருந்தபோதே, மேனிக்குப் போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம் வழங்கப்பட்டது. மறு ஆண்டு தண்டனை நிறைவேறியது. டீ ஹிப்பர்ட்-ஜோன்ஸ், நோமி டாலிஸ்மன் இருவரும் 30,000க்கும் மேற்பட்ட சித்திரங்களில் வரைந்திருப்பது பெரும்பாலும் அண்ணனின் முகத்தைத்தான். பேசப்பேசக் கோடுகள் கலைந்து, மறுபடி கூடி முகமாகின்றன. நேர்காணலை அப்படியே காட்டியிருந்தால் நாம் அவர் அழுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே கேட்கத்தான் முடிகிறது.

அரி ஃபோல்மனின் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ (2008) இந்த வகையில் எல்லோரும் சொல்லும் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பிணக்கும் உண்டு. 19 வயதில் இஸ்ரேலிய வீரனாக லெபனானில் இருந்தவர் ஃபோல்மன். லெபனான் கிராமங்களில் குரைத்து எச்சரித்த 26 நாய்களைச் சுட்ட நண்பர், அவை கனவில் துரத்துவதாகச் சொல்லும்போதுதான் தனக்குப் போரே நினைவில்லை என்று அவருக்கு உறைக்கிறது. பழைய தோழர்களைத் தேடிப் போகிறார். மஞ்சள் வெளிச்சக் குண்டுகளின் கீழே கடலில் மிதக்கும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. கூட இருந்ததாக அவர் நினைக்கும் தோழருக்கோ அப்படியொன்று நடந்த ஞாபகமே இல்லை. நடக்காத நினைவைக் காமிராவால் எப்படி எடுப்பது? சித்திரம் அதைக் கூச்சமில்லாமல் ஏந்துகிறது. நிஜப் படப்பிடிப்பின் மேல் நகலெடுத்ததாகப் பலர் நினைத்தார்கள். உண்மையில் சித்திரங்கள் புதிதாக வரையப்பட்டவை. இரண்டு பேரின் குரலை மட்டும் நடிகர்கள் தந்தார்கள்.

பிணக்கு கடைசி நிமிடத்தில். 1982 செப்டம்பரில், லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக்குழுவான ஃபலாஞ்சிஸ்டுகள் சப்ரா, ஷட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் இருந்தவர்களைக் கொன்று தீர்த்தபோது இஸ்ரேலியப் படை சுற்றி நின்றது, வானில் வெளிச்சக் குண்டுகளை ஏற்றியது. படம் முகாமுக்குள் நுழைந்ததும் சித்திரம் நின்று நிஜப் படச்சுருள் தொடங்குகிறது. அதுவரை வீரர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் திரையின் அடியில் மொழிபெயர்ப்பு ஓடியது. இப்போது பாலஸ்தீனப் பெண்கள் காமிராவைப் பார்த்து அரபியில் கதறுகிறார்கள். அடியில் எழுத்து எதுவும் இல்லை.