முறைமையும் அதன் எல்லையும்: நிறுவன ஆய்வில் முறைமைக் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

நிறுவனங்களை ஆராயும் துறைகளிலே, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எழுந்த சிந்தனைகளுள் முறைமைக் கோட்பாட்டைப் போல விரைந்து பரவியவை மிகச் சிலவே. முகாமைத்துவம் பயிலும் மாணவன் முதலாண்டிலேயே அதன் வரைபடத்தைக் கற்றுக்கொள்கிறான். இடப்பக்கத்தில் உள்ளீடு, நடுவே உருமாற்றம், வலப்பக்கத்தில் வெளியீடு, கீழே வளைந்து திரும்பும் பின்னூட்டல். யாவற்றையும் சுற்றிச் 'சூழல்' எனப் பெயர்பெற்ற ஒரு வட்டம். தொழிற்சாலை, மருத்துவமனை, பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும் இவ்வரைபடத்துள் அடங்கிவிடும். எதனையும் அடக்கவல்ல வரைபடம் எதனைத்தான் விளக்குகிறது என்று கேட்பது நியாயமே. இக்கேள்வியைக் கேட்ட முற்போக்காளர் சிலர், இது முதலாளித்துவ முகாமையின் கருத்தியல் என்று கூறி அப்பாற் சென்றுவிடுவதுமுண்டு. வரைபடத்தை வேதமாகக் கொள்வோரும் அதனைத் தொடாது விலக்குவோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். அக்கோட்பாடு எந்த மண்ணில், எவருடைய உழைப்பை நோக்கி, நிறுவன ஆய்வாக உருப்பெற்றது என்பதை இரு சாராரும் பார்ப்பதில்லை. அதனையே நாம் இங்கு பார்க்க விழைகிறோம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நமது விஞ்ஞானப் பாடநூல்கள் 'தொகுதி' என்று வழங்குவதையே முகாமைத்துவ நூல்கள் 'முறைமை' என்கின்றன. தொகுதி என்பது பல சேர்ந்த ஒன்று என்ற அளவில் நிற்கிறது. முறைமை அவ்வாறன்று, 'முறைசெய்தல்' நீதி வழங்குதலைக் குறித்த பழைய வழக்கின் சாயல் அதில் இன்னும் உண்டு. உள்ள ஒழுங்கைக் குறிக்கும்போதே அவ்வொழுங்கு தக்கது என்ற தீர்ப்பையும் இச்சொல் உடன்கொண்டு வருகிறது. மொழிபெயர்த்தோர் இதனை எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் கோட்பாட்டின் இயல்புக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திருக்கமுடியாது.

வியன்னாவில் 1901 இல் பிறந்த உயிரியலாளர் லுட்விக் ஃபொன் பேர்ட்டலான்பியே இக்கோட்பாட்டின் தந்தையெனப் பொதுவாகக் கொள்ளப்படுபவர். உயிரியைப் பொறியாகக் கருதி உறுப்புறுப்பாகப் பிரித்து விளக்கும் போக்கை அவர் மறுத்தார். மூடிய பாத்திரத்துள் நிகழும் வேதியல் மாற்றம் ஈற்றில் ஓய்ந்து சமநிலை அடைகிறது. உயிரியோ சூழலிலிருந்து பொருளையும் சக்தியையும் பெற்றும் கழித்தும், ஓயாத மாற்றத்தினூடே தன் உருவைக் காக்கிறது. இதுவே திறந்த முறைமை. 1950 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இக்கருத்தைத் தெளிவாக முன்வைத்த அவர், 1968 இல் வெளியான பொது முறைமைக் கோட்பாடு பற்றிய நூலில் அதனை விரித்தார். இவருக்கு முன்னரே, ரஷ்ய மருத்துவரும் போல்ஷெவிக்குமான அலெக்சாந்தர் பொக்தானொவ், 1913 முதல் வெளிவந்த 'தெக்தொலொஜியா' என்னும் நூலில் ஒழுங்கமைப்புப் பற்றிய பொது விஞ்ஞானமொன்றை அமைக்க முயன்றார். 1909 இல் லெனினின் கடுந்தாக்குதலுக்கு உள்ளானவர் என்பதனால் இடதுசாரிகள் அவரை நெடுங்காலம் பேசவில்லை; மேலைநாட்டினரோ அவரை அறியவில்லை. முறைமைச் சிந்தனை முதலாளித்துவத்தின் தனிச்சொத்து என்று கூறுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

நிறுவன ஆய்வுக்கு இச்சிந்தனை தேவைப்பட்டமைக்குக் காரணம் உண்டு. 1911 இல் வெளிவந்த தமது நூலில் ஃபிரெட்றிக் ரெயிலர், ஒவ்வொரு வேலையையும் சிறு அசைவுகளாகப் பிரித்து, சிந்திப்பதை முகாமையிடமும் செய்வதைத் தொழிலாளியிடமும் ஒப்படைத்தார். தொழிற்சாலை பொறியானது, தொழிலாளி அதன் பற்சில்லானான். அப்பொறி ஏன் அடிக்கடி சிக்குண்டது என்பதை அவருடைய கோட்பாட்டுக்குள் நின்று விளக்கமுடியவில்லை. அதற்கான விடை நிலத்துக்கடியிலிருந்து வந்தது.

பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்கள் 1947 ஜனவரி முதலாந் திகதி அரசுடைமையாயின. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சுரங்கங்களும் ஏறத்தாழ ஏழு இலட்சம் தொழிலாளரும் தேசிய நிலக்கரிச் சபையின் கீழ் வந்தனர். பொறிகள் பெருகியும் உற்பத்தி எதிர்பார்த்தவாறு உயரவில்லை. வேலைக்கு வராமையும் மனச்சோர்வும் மிகுந்தன. லண்டன் ரவிஸ்ரொக் நிறுவகத்தைச் சேர்ந்த எரிக் ட்றிஸ்ற், முன்னர் சுரங்கத் தொழிலாளியாயிருந்த கென் பாம்போர்த் ஆகிய இருவரும் 1951 இல் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை ஆராய்ந்தது.

அவர்கள் கண்டதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பழைய முறையில் இருவர், அல்லது சிலர், தாமே ஒருவரையொருவர் தேர்ந்து ஒரு சிறு முகப்பில் வேலைசெய்தனர். கரியை வெட்டுதல், அள்ளுதல், மேற்கூரைக்கு முட்டுக் கொடுத்தல் யாவும் அவர்கள் கையில் இருந்தன. டேர்ஹம் பகுதியில் இத்தகைய கூட்டாளியை 'மறோ' என்பர். ஒருவன் விபத்தில் மாண்டால் அவன் குடும்பத்தை மற்றவன் பார்த்துக்கொள்வதுமுண்டு. பொறிகளோடு வந்த நெடுஞ்சுவர் முறை இதனைக் குலைத்தது. ஏறக்குறைய இருநூறு யார் நீளமுள்ள ஒரே முகப்பில் நாற்பது பேரளவில் மூன்று நேரமுறைகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் நேரமுறையினர் கரிப்படையின் அடியை வெட்டி, வெடிவைக்கத் துளையிட்டனர். அடுத்தவர்கள் கரிகாவும் பட்டியை முன்நகர்த்தி வழிகளைப் பெருப்பித்தனர். மூன்றாமவர்கள் உடைந்த கரியை அள்ளிக் கொட்டினர். ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெயர், தனிக்கூலி. முதல் நேரமுறையினர் விட்ட குறையை மூன்றாம் நேரமுறையினர் இருளிலே கண்டுபிடித்தனர். குறைவிட்டவரோ அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தனர். இருபத்துநான்கு மணிநேரச் சுழற்சி முழுவதற்கும் பொறுப்பான குழு நிலத்தின் கீழே இல்லை. பொறுப்பு யாவும் மேலே இருந்த அதிகாரியிடமே குவிந்தது. விளைவாக ஒருவர்மீதொருவர் பழிசுமத்தலும், தன் பங்கை மாத்திரம் பார்க்கும் தனிமனிதப் போக்கும், நோயென்று சொல்லி நின்றுவிடுதலும் பெருகின. தொழிலாளியின் குணக்கேடு என முகாமையாளர் கருதியவை, வேலை ஒழுங்கமைக்கப்பட்ட விதத்தின் விளைவுகளே என்று இக்கட்டுரை காட்டியது. தொழில்நுட்பமும் சமூக உறவும் ஒன்றையொன்று நிர்ணயிக்கும் ஒரே முழுமை என்ற 'சமூக-தொழில்நுட்ப முறைமை' என்னும் கருத்து இங்குதான் பிறந்தது.

இதற்குச் சான்று தென் யோக்சயரிலும் டேர்ஹமிலும் கிடைத்தது. அங்கு சில முகப்புகளிலே தொழிலாளர் பல வேலைகளையும் கற்று, எவர் எந்நேரம் எதைச் செய்வதென்பதைத் தாமே தீர்மானித்து, ஒரே கூலிச்சீட்டின் தொகையைச் சமமாகப் பகிர்ந்தனர். ஒரு நேரமுறையின் வேலை முன்னதாக முடிந்தால் அடுத்ததை அவர்களே தொடங்கினர். ட்றிஸ்றும் தோழர்களும் 1963 இல் வெளியிட்ட நூல், ஒரே சுரங்கத்தில் ஒரே கரிப்படையில் ஒத்த பொறிகளைக்கொண்டு இயங்கிய இரு முகப்புகளை ஒப்பிடுகிறது. பிரித்துவைத்த முறையில் இயலக்கூடிய உற்பத்தியில் 78 சதவீதமும் கூட்டுமுறையில் 95 சதவீதமும் கிடைத்தன. வேலைக்கு வராமை முன்னதில் 20 சதவீதம், பின்னதில் 8.2. விபத்தினால் வராதிருந்தோர் தொகையும் கூட்டுமுறையில் பாதிக்குக் குறைவே. ஒரே பொறிக்கு ஒரே ஒழுங்கமைப்புத்தான் பொருந்தும் என்ற ரெயிலரின் நியதி இவ்வெண்களோடு பொய்த்தது. முறைமைக் கோட்பாட்டின் மெய்யான சாதனை இதுவே. இதனை ஒப்புக்கொள்ள முற்போக்காளர் தயங்கவேண்டியதில்லை.

ஆனால் இச்சாதனையை அக்கோட்பாடு விவரிக்கும் மொழியிலேதான் இடறல் தொடங்குகிறது. கூட்டுமுறை முகப்பு 'தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் முறைமை' எனப்படுகிறது. சீர்செய்தது யார்? டேர்ஹம் தொழிலாளரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. நல்ல முகப்பும் தீய முகப்பும் முகாமையின் விருப்பப்படி பங்கிடப்படலாகாது என்பதற்காகக் காலாண்டுக்கொருமுறை சீட்டுக் குலுக்கி வேலையிடங்களைத் தீர்மானித்தனர். சங்கம் அதனை உரிமையாகக் காத்து வந்தது. கூட்டுக் கூலிச்சீட்டும் வேலைப்பகிர்வும் இத்தகைய நீண்ட நியாய உணர்விலும் பேச்சுவார்த்தையிலும் முளைத்தவை. பழைய மரபின் தொடர்ச்சி உண்டு என்பதை ஆய்வாளர்களும் மறைக்கவில்லை. ஆயினும் கோட்பாட்டுக்குள் நுழைந்ததும் அந்த மனிதர் மறைந்துவிடுகின்றனர், 'முறைமை' எழுவாயாகிறது. முறைமைக்குத் தேவைகள் உண்டு, முறைமை இசைவாக்கம் பெறுகிறது, முறைமை நிலைபெற விழைகிறது என்றெல்லாம் வாக்கியங்கள் அமைகின்றன. டேவிட் சில்வர்மன் 1970 இல் வெளியிட்ட நூலில் இதனையே கண்டித்தார். இலக்குகள் மனிதருக்கே உண்டு, நிறுவனங்களுக்கு அல்ல என்பது அவருடைய வாதம். இலக்கணத்தில் நேர்ந்த சிறு பிழையாக இதனைக் கொள்ளமுடியாது. எழுவாய் மாறும்போது உரிமையும் இடம்பெயர்கிறது.

இதனினும் பாரதூரமானது 'சூழல்' என்ற சொல். உயிரிக்குச் சூழல் என்பது வெப்பமும் மழையும் உணவுமாகும். நிறுவனத்தின் சூழலோ பிற மனிதரின் தீர்மானங்களால் ஆனது. 1965 இல் ஃப்ரெட் எமெரியும் ட்றிஸ்றும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நிறுவனச் சூழல்களை நான்காக வகுத்து, இறுதி வகையைக் கொந்தளிக்கும் சூழல் என்றது. நுணுக்கமான ஆய்வே. ஆனால் அதே காலத்தில் அவர்கள் ஆராய்ந்த சுரங்கத் தொழிலாளருக்கு என்ன நிகழ்ந்தது? எண்ணெய் மலிவு என்ற காரணங்காட்டி 1960களில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன; தொழிலாளர் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. கூட்டுமுறையைப் பரப்பச் சபையும் ஊக்கங்காட்டவில்லை. பொறிமயமாக்கலும் மேலிருந்து கட்டுப்படுத்துதலுமே அதன் வழியாயின. அரசுடைமை தொழிலாளர் ஆட்சியாக மாறிவிடவில்லை என்பதும் இதனால் விளங்கும். 1984 மார்ச்சில் இருபது சுரங்கங்களையும் இருபதினாயிரம் வேலைகளையும் ஒழிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்த வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்து 1985 மார்ச்சில் முறிந்தது. டேர்ஹம் கரிவயலின் கடைசிச் சுரங்கம் 1993 இலும், பிரித்தானியாவின் கடைசி ஆழச் சுரங்கம் 2015 டிசம்பரிலும் மூடப்பட்டன. அமைச்சரவையிலும் சபையிலும் பெயருள்ள மனிதர் கூடி எடுத்த முடிவுகளைச் 'சூழலின் கொந்தளிப்பு' என்று அழைத்தால் அவை மழைவெள்ளம் போலாகிவிடும். வெள்ளத்தோடு எவரும் வழக்காடுவதில்லை; இசைந்துபோவதே அறிவு எனப்படும்.

எனவே எல்லையை எவர் வரைகிறார் என்பதே இக்கோட்பாட்டின் மையக் கேள்வியாகிறது. கோட்பாட்டினுள்ளும் இதனை உணர்ந்தோர் உண்டு. வெஸ்ற் சேர்ச்மன் 1968 இலேயே, எந்த முறைமையும் எவருடைய நன்மைக்காக, எவர் தீர்மானிக்க இயங்குகிறது என்று கேட்டார். முறைமை என்பது உலகிற் கிடக்கும் பொருளன்று, நோக்குவோர் கைக்கொள்ளும் பார்வையே என்று பீற்றர் செக்லண்ட் 1981 இல் வாதிட்டார். இவர்களது எழுத்துகள் பாடநூல் வரைபடத்துக்குள் இன்னும் போதியளவு புகவில்லை என்பது நமது குறை.

இருவேறு மண்ணில் நிகழ்ந்த முயற்சிகளையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். சிலியில் அலெண்டே அரசு 1971 இல் ஸ்ராபர்ட் பீயரை அழைத்து, அரசுடைமையான தொழிற்சாலைகளைத் தொலையச்சு வலையால் இணைக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. 1972 ஒக்ரோபரில் லொறி உரிமையாளர் போக்குவரத்தை முடக்கியபோது, அவ்வலை உணவும் எரிபொருளும் சென்றடைய உதவியது. 1973 செப்ரெம்பர் 11 இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. இத்திட்டமும் அதனோடு அழிந்தது. அகமதாபாத் கலிக்கோ ஆலையில் 1953 இல் ரவிஸ்ரொக்கின் ஏ. கே. ரைஸ் நெசவாளரைச் சிறு குழுக்களாக்கிய பரிசோதனை தொடக்கத்தில் வியக்கத்தக்க பயன் தந்தது. 1970 அளவில் எரிக் மில்லர் மீண்டும் சென்று நோக்கியபோது ஒரு கூடத்தில் அது நிலைத்திருந்தது. ஏனையவற்றில் பெரிதும் தேய்ந்திருந்தது. சந்தை மாறியதும் குழுக்களைக் காக்கும் அதிகாரம் நெசவாளர் கையில் இருக்கவில்லை.

மீண்டும் சுரங்கத்துக்கு வருவோம். 1963 ஆம் ஆண்டு நூலின் எல்லை சுரங்க முகப்போடு நின்றுவிடுகிறது. மூன்று நேரமுறைகளில் கணவனும் மக்களும் வெவ்வேறு வேளைகளில் வீடு திரும்ப, அவ்வேளைகளுக்கேற்பச் சமைத்தும் துவைத்தும் அச்சுழற்சியை நாள்தோறும் இயக்கிய பெண்கள் அதன் ஒப்பீட்டு அட்டவணைகளில் இல்லை. அவர்கள் சூழல். 1984 இல் கூலி நின்றபோது அதே பெண்கள் ஊர்தோறும் பொதுச் சமையற்கூடங்களை அமைத்தனர், உணவுப்பொதி சேர்த்தனர், மேடையேறிப் பேசினர், மறியலிலும் நின்றனர். வேலைநிறுத்தம் ஓராண்டு நிலைத்தது அவர்களால்.