ஓரங்குலப் பேத்தை

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், செடியோடு முட்டையாக வந்து பெருகும் நத்தைக்கு மருந்து ஊற்றுவானேன்? கேரளத்து ஆறுகளில் நத்தையைத் தின்னும் ஓரங்குலப் பேத்தை மீன் இருக்கிறது. பம்பை ஆற்றில் கிடைத்த இதை மீனியல் அறிஞர்கள் ஹோராவும் நாயரும் 1941இல் விவரித்தார்கள்.

அது வேட்டையாடுவதுதான் அழகு. நீரில் அசையாமல் நின்று, கண்களைத் தனித்தனியே உருட்டி, நத்தை தலையை நீட்டும்வரை பொறுத்து, வெடுக்கென்று கடிக்கும். பிறகு காலி ஓடு உருளும்.

ஆனால் முரடு, கப்பி மீனின் வாலையும் கொறிக்கும். போதாததற்கு, அழியும் அபாயத்தில் உள்ள இனம். நத்தை பெருகுவது பெரும்பாலும் நாம் அள்ளிப்போடும் தீனியால்தான். மீன் வாங்குமுன் தீனியைக் குறைத்துப் பாருங்கள்.