மடித்து வைத்த துணிகள்

பத்துப் பேர் புழங்கும் வீட்டில், வெயில் தாழ்ந்ததும் கொடியிலிருந்து இறங்கிக் கூடத்தில் குவியும் துணிகளை, யாதொரு பதற்றமுமின்றி அரை மணிப் பொழுதில் ஒழுங்கான அடுக்குகளாக்கிவிடும் என் அத்தையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அலாதியான ஆனந்தம் உண்டு. சூடு இன்னும் ஆறாத எட்டு முழ வேட்டியை அவர் உதறும்போது, கஞ்சியின் விறைப்பு ‘படார்’ என்று ஒலிக்கும். பின்னர் கரையோடு கரை சேர்த்து உள்ளங்கையால் நிதானமாக ஒரு முறை நீவுவார், சுருக்கங்கள் அடங்கிவிடும். புடவைக்கு மட்டும் மறுமுனை பிடிக்க ஒரு குழந்தையை அழைப்பார். இருவரும் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்குவது கும்மியின் லயத்தை நினைவூட்டும்.

குழந்தைகளின் சட்டைகளுக்கு, அவர்களே எடுத்துக்கொள்ளும்படி, அலமாரியின் கீழ்த்தட்டு. ஜோடியை இழந்த காலுறையோ, மற்றொன்று அகப்படும்வரை, ஜன்னல் திண்டில் பத்திரமாகக் காத்திருக்கும்.