ஆலோசகராகவே நின்றுவிட்ட செனட்டர்

நியூயார்க்கின் பழைய தபால் நிலையக் கட்டடம் 2021 ஜனவரி முதல் நாளில் ரயில் நிலையக் கூடமாகத் திறக்கப்பட்டது. டேனியல் பாட்ரிக் மொய்னிஹானின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பொருத்தமான பெயர்தான், அந்தத் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் அவர். ஏற்க முடியாதது அந்தப் பெயரைச் சுற்றி எழும் புகழுரை. கறுப்பின ஏழைக் குடும்பங்களின் சிதைவை 1965-லேயே கண்டு சொன்ன தீர்க்கதரிசி அவர், நாடுதான் காது கொடுக்கவில்லை என்கிறார்கள். அவருடைய அறிக்கைக்கு 2015-இல் ஐம்பதாண்டு நிறைந்தபோது வலுப்பெற்ற இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. கேட்காதவர்கள்மீது பழியைப் போடும் அவசரத்தில், சொன்னவர் கையிலேயே அதிகாரம் இருந்த ஆண்டுகளை இது மறைத்துவிடுகிறது.

அவருடைய ஆற்றலை யாரும் மறுக்க முடியாது. நியூயார்க் ஆளுநர் ஹாரிமனின் உதவியாளராகத் தொடங்கி, கென்னடி, ஜான்சன், நிக்சன், ஃபோர்டு என நான்கு அதிபர்களிடம் அடுத்தடுத்துப் பணியாற்றி, 1977 முதல் 2001 வரை செனட்டராக இருந்தவர். டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, கோதுமைக்காக இந்தியா செலுத்தி இங்கேயே குவிந்து கிடந்த பணத்தில் 1,664 கோடி ரூபாயை 1974-இல் ஒரே காசோலையில் திருப்பிக் கொடுத்தவர். 1983-இல் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தடுமாறியபோது, எதிர்க்கட்சியின் ராபர்ட் டோலுடன் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு அவருடையது. 1993-இல் உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகை விரிவடைந்ததும் அவர் தலைமை வகித்த குழுவின் வழியாகத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் என்னுடைய நெடுநாள் மறுப்பு மாறவில்லை. மொய்னிஹான் செனட்டரான பிறகும் உதவியாளராகவே இருந்தார். மேலே இருக்கும் ஒருவரை நம்பவைத்தால் வேலை முடிந்தது என்பது உதவியாளரின் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

1965 மார்ச்சில் தொழிலாளர் துறையில் உருவான அந்த அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 78 பக்கங்கள். அச்சிட்டவை 100 படிகள். அரசுக்குள் உள்ள ஒரு சிலர் படித்தால் போதும் என்று எழுதப்பட்டது. வெள்ளையரல்லாதோர் பிறப்புகளில் 23.6 சதவீதம் திருமணத்துக்கு வெளியே நிகழ்ந்தவை என்ற கணக்கு உண்டு. ஆண்களின் வேலையின்மை பற்றிய அட்டவணைகள் உண்டு. தீர்வு மட்டும் கிடையாது. சிக்கலை வரையறுப்பதே நோக்கம், தீர்வு சொல்வதல்ல என்று அறிக்கையே அறிவித்துவிடுகிறது. நாடி பிடித்து நோயைச் சொல்லிவிட்டு மருந்து எழுதாமல் எழுந்து போகும் வைத்தியரை நாம் மேதை என்று கொண்டாடுவோமா?

அவர் மனத்தில் தீர்வுகள் இருந்தன, வேலைவாய்ப்பும் குடும்ப உதவித்தொகையும் வேண்டும் என்று நினைத்தார், முதலில் சிக்கலை ஒப்புக்கொள்ள வைப்பதே அவருடைய உத்தி என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அந்த உத்தி பலித்தது அதிபரின் அறைக்குள் மட்டும்தான். ஜூன் 4 அன்று ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜான்சன் ஆற்றிய உரையில் அந்த அறிக்கையின் கருத்துகள் ஒலித்தன. உரையை எழுதியவர்களில் மொய்னிஹானும் ஒருவர். ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்த வேளையில் அறிக்கை வெளியே கசிந்தது. தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த கறுப்பினத் தாய்க்கு அதில் கிடைத்தது குற்றச்சாட்டு மட்டுமே. அவர் அதைப் படிப்பார் என்ற நினைப்பே எழுதியவருக்கு இருந்திருக்கவில்லை.

1970-இல் இதே கதை திரும்ப நடந்தது. இனச்சிக்கல் பற்றிய பேச்சைச் சிறிது காலம் ஆறப்போடலாம் என்று நிக்சனுக்கு அவர் எழுதிய குறிப்பு மார்ச்சில் பத்திரிகைக்குக் கசிந்து, புதிய காயமானது. நிக்சனை ஒப்புக்கொள்ள வைத்து அவர் கொண்டுவந்த குடும்ப உதவித் திட்டமோ அருமையான திட்டம்: நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் உறுதி. கீழவை அதை நிறைவேற்றியது. செனட் நிதிக்குழுவில் அது மடிந்தது. அதிபரை வென்ற ஆலோசகரால் ஒரு குழுவை வெல்ல முடியவில்லை.

1993 ஜனவரியில் அதே நிதிக்குழுவுக்கு மொய்னிஹானே தலைவரானார். வெள்ளை மாளிகை அவர் கட்சியிடம். இரு அவைகளும் அவர் கட்சியிடம். முப்பது ஆண்டுகள் காத்திருந்தவருக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகள் அவை. என்ன செய்தார்? 1994 ஜனவரியில் தொலைக்காட்சியில் அமர்ந்து, நாட்டில் மருத்துவ நெருக்கடி இல்லை, ஏழைகளுக்கான உதவித்தொகையில்தான் நெருக்கடி என்றார். தன் குழு முன் வரவிருந்த சொந்தக் கட்சி அதிபரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதன்மூலம் அவரே குழி பறித்தார். குழு 12-க்கு 8 என்று ஒரு மசோதாவை அனுப்பியது. அது முழு அவையின் வாக்கெடுப்பைக் காணவே இல்லை. சரி, அவரே நெருக்கடி என்று சொன்ன உதவித்தொகைச் சீர்திருத்தம்? அதிபரின் மசோதா 1994 ஜூன் வரை வரவில்லை என்பது உண்மை. ஆனால் குழுத் தலைவர் அதற்காக ஏன் காத்திருக்க வேண்டும்? 1988-இல் குடும்ப ஆதரவுச் சட்டத்தைத் தானே முன்னின்று நிறைவேற்றியவர்தானே? இம்முறை அவர் எச்சரித்தார், விமர்சித்தார், தாமதத்தைக் கண்டித்தார். எல்லாம் ஓர் ஆலோசகர் செய்யக்கூடியவை.

அந்த நவம்பரில் தேர்தல் வந்தது; இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கைக்குப் போயின. 1996-இல், 1935 முதல் ஏழைத் தாய்மாருக்கு இருந்துவந்த உதவித்தொகை உரிமையை ஒழித்து, வாழ்நாளில் ஐந்தாண்டு என்று வரம்பு கட்டிய சட்டம் செனட்டில் 78-க்கு 21 என்று நிறைவேறியது. அவருடைய கட்சியினரிலேயே பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். மொய்னிஹான் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அந்த உரையை அவருடைய மனசாட்சிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது தோல்வியின் சான்றாகவே படுகிறது. வறுமை பற்றி அவரளவு அறிந்தவர் அந்த அவையில் இல்லை. இருபது ஆண்டுகள் உடன் அமர்ந்திருந்த சொந்தக் கட்சிக்காரர்களில் பாதிப் பேரைக்கூட அவரால் தன் பக்கம் நிறுத்த முடியவில்லை.

முன்கூட்டிச் சொன்னார் என்பதற்காக ஆலோசகரைப் பாராட்டலாம். செனட்டரை அவர் நிறைவேற்றியதையும் தடுத்ததையும் வைத்தே எடைபோட வேண்டும். 1996-இல் எதிர்த்து வாக்களித்த 21 பேரில் அவர் ஒருவர் என்பது அவருக்குப் பெருமை. அந்தச் சட்டத்துக்கு இடமில்லாமல் செய்திருக்கக்கூடிய இரண்டு ஆண்டுகளில் நிதிக்குழுத் தலைவராக இருந்தவரும் அவரே. இந்த இரண்டாவது உண்மையையும் சேர்த்து எழுதாத எந்தப் புகழுரையையும் நம்பாதீர்கள்.